அதிகாரியை வரவேற்க எல்லோரும் போய்விட்டதால் பூட்டிக் கிடந்த கூடம்

அனுப்புநர்:
மூட்டைத் தாத்தா என்று அழைக்கப்படுபவர்,
ஓய்வுபெற்ற சுமை தூக்கும் தொழிலாளி,
எழுத்து வகுப்பு மாணவர், முதல் வரிசை,
ஒருங்கிணைந்த மாலைப் பயிற்சி மையம்.

பெறுநர்:
உயர்திரு ஆய்வு அதிகாரி அவர்கள்,
மாலைப் பயிற்சி மையங்கள் பிரிவு,
தலைமை அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: தாங்கள் ஆய்வுக்கு வந்த மாலையில் மையம் பூட்டிக் கிடந்தது – உண்மைக் காரணம் தெரிவித்தல் – முன்பு வந்த மூன்று மனுக்களையும் ஒதுக்கிவைக்க வேண்டுதல் – மையத்தை மூடாமல் மறுபடி ஒருமுறை வந்து பார்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மையம் மூடப்படும் என்று தெரிவித்துத் தங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. இந்த மனுவை நானே என் கையால் எழுதுகிறேன். போன மழைக்காலம் வரை ரேகை வைத்துக்கொண்டிருந்த கை இது. அதனால் மனு மெதுவாகத்தான் வரும். எழுத்துகள் சில இடத்தில் பெரிதாகவும், சில இடத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டும் நிற்கும். பொறுத்தருள வேண்டும். மனுவுக்கு வேண்டிய சொற்களை எங்கள் டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்டார். அதில் ‘மேற்படி’ என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. ஒரு தடவை சொன்னதை மறுபடி முழுதாகச் சொல்லாமல் அதன் மேல் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய்விடலாம். கிடங்கில் இப்படி ஒரு தள்ளுவண்டி இருந்திருந்தால் எத்தனையோ முதுகுகள் பிழைத்திருக்கும்.

2. இது புகார் மனு. புகாரில் பெரும்பங்கு எங்கள் மீதே. தங்கள் அலுவலகத்தின் மீதும் சிறிதாக ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் பணிவோடு வைத்திருக்கிறேன். முதலிலேயே வைத்தால் தாங்கள் மேற்கொண்டு படிக்காமல் போகலாம் என்று தையல் டீச்சர் சொன்னார்.

3. மேற்படி மையம் முன்பு மூன்று மையங்களாக இருந்தது தாங்கள் அறிந்ததே. தையல் வகுப்பு மருந்துக்கடை மாடியில் நடந்தது. இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் வகுப்பு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நடந்தது. எங்கள் எழுத்து வகுப்பு சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெஞ்சும் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வந்துவிடும். அந்த நிலையில் ‘அ’ போடுவது லேசான காரியம் அல்ல. ஆகவே மூன்றையும் இணைத்து, பழைய தீயணைப்பு நிலையத்தின் கூடத்தைத் தங்கள் அலுவலகம் கொடுத்தபோது எங்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. தீயணைப்பு வண்டி நின்ற இடத்தில் தையல் மிஷின்கள் வந்தன. குழாய் சுருட்டி வைத்த மூலையில் பிரித்துப்போட்ட ஸ்கூட்டர்கள் வந்தன. ஜன்னலோரம் முழு அளவு மேசைகளோடு நாங்கள் வந்தோம். என் கால் மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டு கிடந்த முதல் மாலையை நான் மறக்க மாட்டேன்.

4. இந்த வகுப்பு எனக்கு எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். சொல்லிவிடுகிறேன். என் மனைவி படித்தவள். கல்யாணமான நாள் முதல் எங்கள் வீட்டில் வாசிக்கிற வேலை அவளுடையது, தூக்குகிற வேலை என்னுடையது. பேருந்தின் பலகை, மருந்துச்சீட்டு, செய்தித்தாள், பத்திரிகையில் வரும் தொடர்கதை எல்லாம் அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். இப்போது அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது. வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. அதனால் எங்கள் வீட்டில் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. நான் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது எனக்குப் பெரிய எழுத்து வரும். சின்ன எழுத்துக்குப் போனால் வரிகள் எறும்பு மாதிரி கலைந்துவிடுகின்றன. காலையில் செய்தித்தாளின் தலைப்புகளை மட்டும் வாசித்துக் காட்டுவேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “தலைப்பு மட்டும் கேட்டுக் கேட்டு, யார் யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு தெரியுது. என்ன ஆச்சுன்னுதான் தெரியல.” தொடர்கதை முழுவதும் சின்ன எழுத்து. அதில் ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்பிப் படியில் நிற்கிறாள். என் மனைவியின் பார்வை மங்கியதிலிருந்து அவள் அந்தப் படியிலேயே நிற்கிறாள். சின்ன எழுத்துப் பாடம் இந்த மாதம்தான் தொடங்கியிருக்கிறது.

5. இனி நடந்தவை. மையம் ஒன்றானதும் முதல் கூட்டம் போட்டோம். அதைப் போன்ற இனிமையான கூட்டத்தை நான் பார்த்ததில்லை. கிடங்கில் சங்கக் கூட்டம் என்றால் நாற்காலி பறக்கும். இங்கே யார் எதைச் சொன்னாலும் எல்லோரும் தலையாட்டினார்கள். கூடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் சொன்னார், கைதட்டினோம். வண்டி எண்ணெய் தையல் துணியில் படக்கூடாது என்று இன்னொருவர் சொன்னார், கைதட்டினோம். நாம் எல்லோரும் இனி ஒரே குடும்பம் என்று பழுது வகுப்பின் ஆசிரியர் சொன்னார். அவரை நாங்கள் ஸ்பேனர் அண்ணன் என்று கூப்பிடுவோம். அதற்கு எழுந்து நின்று கைதட்டினோம்.

6. மறுநாள் மூன்று வகுப்புக்காரர்களும் தனித்தனியே முன்கூட்டி வந்து கூடத்தைப் பெருக்கினார்கள். ஒருவர் தள்ளிய தூசியை அடுத்தவர் அள்ள, அவர் கொட்டிய இடத்தை மூன்றாமவர் பெருக்க, கூடம் கண்ணாடி மாதிரி ஆயிற்று. அதைப் பார்த்த எல்லோருக்கும் ஒரே எண்ணம் வந்தது. பெருக்கத்தான் ஆள் இருக்கிறதே என்பது அந்த எண்ணம். அதன் பிறகு அந்த வாரம் முழுவதும் துடைப்பத்தை யாரும் தொடவில்லை. எண்ணெய் விஷயமும் அப்படியே. எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வார்கள் என்று தையல்காரர்கள் நம்பினார்கள், துணியைத் தள்ளி வைப்பார்கள் என்று பழுதுக்காரர்கள் நம்பினார்கள். ஒரு பாவாடை வீணாயிற்று. யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அப்போதே தெளிந்திருப்போம் என்று இப்போது தோன்றுகிறது.

7. இந்த நிலையில்தான் தாங்கள் ஆய்வுக்கு வரும் கடிதம் வந்தது. இன்ன நாள், மாலையில், என்று இருந்தது. மறுபடி கூட்டம். அதிகாரி வரும்போது நாம் மூன்று அல்ல, ஒன்று என்று காட்டிவிட வேண்டும், அவரை மரியாதையாக வரவேற்க வேண்டும் என்று முடிவாயிற்று. எல்லோரும் சம்மதித்தோம். கைதட்டலைப் பற்றி மறுபடி எழுதவில்லை.

8. அன்று மாலை நடந்ததை நான் பிறகு கேட்டு விசாரித்துத் தெரிந்துகொண்ட வரிசையில் தருகிறேன். அதிகாரி பேருந்தில்தான் வருவார் என்று தையல் டீச்சர் நினைத்தார். ஆகவே தையல் வகுப்பார் வகுப்பிலேயே தைத்த வரவேற்புத் துணியைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்கள். வெளியூர்க்காரர் ரயிலில் வருவார் என்று ஸ்பேனர் அண்ணன் நினைத்தார். ஆகவே பழுது வகுப்பார் வகுப்பில் சரிசெய்த ஸ்கூட்டர்களில் ஊர்வலமாக ரயில் நிலையத்துக்குப் போனார்கள். அதிகாரி என்றால் கார் இல்லாமலா என்று நாங்கள் நினைத்தோம். ஆகவே ‘நல்வரவு’ என்பதை எழுத்துக்கு ஓர் அட்டையாக எழுதி, ஆளுக்கு ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு பாலத்தின் முனையில் நின்றோம். நான் ‘ந’. என் பக்கத்தில் நின்ற மீசைக்காரர் ‘ல்’. இவர் ஓய்வுபெற்ற முடிதிருத்துநர், என் பெஞ்சுக்காரர். போன கார்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து எங்களை வாசித்துவிட்டுப் போயின. வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை யாரோ வாசிக்கிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். தங்களை மறந்தே போனேன் என்பதையும் மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

9. கூடத்தில் காவலாளி மட்டும் மிஞ்சினார். எல்லோரும் போவதைப் பார்த்த அவர், உள்ளே மிஷின்கள் இருக்கின்றனவே என்று பொறுப்பாகப் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, வரவேற்பில் தானும் இருக்க வேண்டும் என்று ஓடி வந்து பேருந்து நிறுத்தத்தில் சேர்ந்துகொண்டார். தாங்களோ பேருந்திலும் வரவில்லை, ரயிலிலும் வரவில்லை, காரிலும் வரவில்லை. பக்கத்து அலுவலகத்தில் வேலையை முடித்துவிட்டு, பின் சந்து வழியாக நடந்தே வந்திருக்கிறீர்கள். கதவு பூட்டியிருந்தது, உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஆள் நடமாட்டம் இல்லை என்று தங்கள் அறிக்கையில் இருக்கிறது. மூன்றும் உண்மை. மையத்தில் ஆள் இல்லாததற்குக் காரணம், மையத்தின் அத்தனை பேரும் தங்களைத் தேடிக்கொண்டிருந்ததுதான்.

10. உண்மையை அன்றே எழுதியிருக்கலாம். ஆனால் மறுநாள் கூடியபோது, விளக்க மனு அனுப்பிவிட வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். ஒத்துக்கொண்டதும் என்ன நடக்கும் என்று தாங்களே இப்போது ஊகித்திருப்பீர்கள். மூன்று மனுக்கள் போயின. உள்ளேதான் இருந்தோம், மிஷின் சத்தத்தில் தாங்கள் கதவைத் தட்டியது கேட்கவில்லை என்று தையல் வகுப்பார் எழுதினார்கள். வண்டிகளை ஓட்டிச் சோதிக்க வெளியே போயிருந்தோம் என்று பழுது வகுப்பார் எழுதினார்கள். அன்று விடுமுறை என்று எங்கள் வகுப்பிலிருந்து போயிற்று. எங்கள் மனுவை மீசைக்காரர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு காகிதத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன், அது பொய்யாகப் போயிற்று. மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினோம். ஒரே மாலையில் நாங்கள் உள்ளேயும் வெளியேயும் விடுமுறையிலும் இருந்திருக்கிறோமே என்று தாங்கள் பதில் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துத் தையல் டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு அழுதார்.

11. மேற்படி கடிதத்தின் நகல் மாணவர் எல்லோருக்கும் வந்தது. என் பெயருக்கு வந்த முதல் அரசாங்கக் கடிதம் அது. முன்பென்றால் மனைவியிடம் நீட்டியிருப்பேன். அன்று அவளை நாற்காலியில் உட்காரவைத்து, நான் நின்றுகொண்டு வாசித்தேன். தங்கள் அலுவலகத்தில் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறார்கள், அதற்கு என் நன்றி. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாக ஏற்றி இறக்கி, கடைசி வரிக்கு வந்தேன். ‘இம்மாத முடிவில் மையம் மூடப்படும்’ என்று ஓரிடத்தில்கூடத் தடுக்காமல் வாசித்துவிட்டு, பாராட்டுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். வாசித்து முடித்த மகிழ்ச்சியில் என்ன வாசித்தேன் என்பது எனக்கு ஏறவே இல்லை. அவளுக்குத்தான் முதலில் ஏறியது. “நல்லாத்தான் வாசிச்சீங்க,” என்றாள். “வகுப்ப மூடப் போறாங்களாம்.”

12. அடுத்த நாள் மையத்தில் மறுபடி கூட்டம். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. இனி எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே மனு, உள்ளது உள்ளபடி, அனுப்ப வேண்டும் என்று நான் சொன்னேன். சரி சரி என்று எல்லோரும் தலையாட்டத் தொடங்கினார்கள். தையல் டீச்சர் மட்டும் ஆட்டவில்லை. அவர் கழுத்தில் எப்போதும் ஓர் அளவு நாடா தொங்கும். அதைக் கழற்றி நேராக என்னிடம் வந்து என் கழுத்தில் போட்டார். “நல்ல யோசனை சொன்னீங்க தாத்தா. இத நீங்க முடிக்கிற வரைக்கும் இது உங்க கழுத்துல இருக்கட்டும்.”

13. நான் பதறிப்போனேன். இருக்கிறவர்களிலேயே மெதுவாக எழுதுகிறவன் நான், வேகமாக எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். ஸ்பேனர் அண்ணன் ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார். “வேகமா எழுதினவங்க எழுதினதத்தான் பார்த்துட்டோமே.”

14. அன்றிலிருந்து மையத்தில் இதுவே முறையாகிவிட்டது. தையல் வகுப்பில் பழைய நாடாக்கள் நிறையக் கிடந்தன, எண்கள் அழிந்து அளக்க உதவாதவை. அவற்றை ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். ஒரு வேலையை ஏற்கிறவர் ஒரு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தால் ஆணிக்குத் திரும்பும், அல்லது அடுத்த கட்டத்தைச் செய்யப்போகிறவரின் கழுத்துக்குப் போகும். நாடா இல்லாதவர்கள், போட்டிருப்பவர் கூப்பிட்டால் உதவ வேண்டும், கூப்பிடாவிட்டால் அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். எவர் கழுத்திலும் ஏறாத யோசனை வெறும் பேச்சு. அதற்குக் கைதட்டல் கிடையாது.

15. இதனால் உடனடியாக நடந்தது என்னவென்றால், யோசனை சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வாயைத் திறக்கும்போதே கழுத்தைத் தடவிக்கொள்கிறார்கள். முதல் கூட்டத்தில் யோசனைகள் மழையாகக் கொட்டின, ஒன்றும் நடக்கவில்லை. இப்போது இரண்டு மூன்று சொட்டுதான் விழுகிறது, அவை நடந்துவிடுகின்றன. துடைப்பத்துக்கு ஒருவர், மின்விசிறிக்கு ஒருவர், சாவிக்குக் காவலாளி. குறையும் உண்டு. ஸ்பேனர் அண்ணனின் நாடா வண்டிச் சங்கிலியில் மாட்டி அவரையே இழுத்துவிட்டது. ஆகவே பழுது வகுப்பார் மட்டும் அதை மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறார்கள். என் மனைவி ஆள் நிழலாகத் தெரியும் பார்வையிலும் என் கழுத்தில் தொங்குவதைக் கண்டுபிடித்துவிட்டாள். இந்த வயதில் யாருக்கு ஜாக்கெட் தைக்கக் கிளம்பிவிட்டேன் என்று விசாரித்தாள்.

16. போன வாரம் பெய்த மழையில் இந்த முறைக்கு ஒரு சோதனை வந்தது. தீயணைப்பு வண்டிக்காக வைத்த பெரிய கதவு அது. அடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. தண்ணீர் உள்ளே வந்து மிஷின்களை நோக்கிப் போயிற்று. முன்பென்றால் அத்தனை பேரும் பாய்ந்து ஒரே மிஷினைத் தூக்கியிருப்போம். அன்று மீசைக்காரர்தான் முதலில் பார்த்தார், ஆணிக்குப் போய் நாடாவைப் போட்டுக்கொண்டார். எந்த மிஷினை யார் தூக்குவது, எங்கே வைப்பது, கதவடியில் சாக்கை யார் திணிப்பது என்று நாற்காலியில் ஏறி நின்று சொன்னார். ஐயா, நான் ஆயுள் முழுதும் பாரம் தூக்கியவன். எனக்கு வாய் துறுதுறுத்தது. அவர் ஆயுள் முழுதும் தூக்கியதில் பெரிய பாரம் கத்தரிக்கோல். ஆனாலும் நாடா அவர் கழுத்தில். என் கழுத்தில் இருந்தது மனுவுக்கான நாடா. முடிவெட்டுகிறவர் சொல்லி நான் பாரம் தூக்குவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். தூக்கினேன். ஒரு மிஷினும் நனையவில்லை. வேலை முடிந்ததும் அவர் நாற்காலியிலிருந்து இறங்கி, நாடாவை ஆணியில் மாட்டிவிட்டு, பழையபடி என் பக்கத்தில் உட்கார்ந்து என் ‘ழ’வைப் பார்த்து எழுதத் தொடங்கினார்.

17. (இங்கே பேனாவில் மை தீர்ந்தது. இனி வருவது வேறு நிறம். மீசைக்காரரின் பேனா.)

18. இப்போது தங்கள் அலுவலகத்தின் மீதான சிறு புகார். எங்களை இணைத்த ஆணை கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. எழுத்துக் கூட்டத் தொடங்கியதிலிருந்து நான் அதைப் பல தடவை வாசித்திருக்கிறேன். ‘அனைவரும் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்’ என்று அதில் இருக்கிறது. அருமையான வாக்கியம், வாய்விட்டு வாசிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் இன்ன வேலைக்கு இன்னார் என்று ஓரிடத்திலும் இல்லை. அடியில் ‘தகுந்த நடவடிக்கைக்காக’ என்று போட்டு, மூன்று ஆசிரியர்களுக்கும் காவலாளிக்கும் நகல் போயிருக்கிறது. தகுந்த நடவடிக்கையை மற்ற மூவரில் ஒருவர் எடுப்பார் என்று நால்வரும் மனப்பூர்வமாக நம்பினார்கள். ஆய்வுக் கடிதத்திலும் தாங்கள் எப்படி வருவீர்கள், யாரைப் பார்ப்பீர்கள் என்று ஒரு வரி இருந்திருந்தால், நாங்கள் மூன்று திக்கிலும் போய் நின்றிருக்க மாட்டோம். எங்கள் தவறை இதனால் குறைத்துக் காட்டவில்லை. நாங்கள் செய்த அதே தவறு கொஞ்சம் மேலேயிருந்தே இறங்கி வந்திருக்கிறது என்று மட்டும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

19. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து செய்ய வேண்டியவை: முன்பு வந்த மூன்று மனுக்களையும் ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எங்கள் விளக்கமாக ஏற்க வேண்டும். காவலாளி மீது நடவடிக்கை வேண்டாம், அன்று எங்களில் யோசித்துச் செயல்பட்டவர் அவர் ஒருவர்தான். மாத முடிவுக்கு முன் மறுபடி ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். சொல்லிவிட்டு வந்தாலும் சரி, சொல்லாமல் வந்தாலும் சரி. பேருந்து, ரயில், கார், பின் சந்து, எது வழியாக வந்தாலும் சரி. கூடத்தில் இருந்து கதவைத் திறக்க ஓர் ஆள் நாடா போட்டுக்கொண்டிருப்பார். மற்றவர்கள் தங்களை வரவேற்க வர மாட்டார்கள், அவரவர் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். பார்த்த பிறகு தாங்கள் எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுகிறோம்.

20. எழுதி முடித்ததைக் கூடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பாவாடை விஷயத்தை எடுத்துவிடச் சொன்னார் ஸ்பேனர் அண்ணன், நாடா என் கழுத்தில் என்று சொல்லி மறுத்துவிட்டேன். எல்லோரும் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பிறகு வீட்டில் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். நான் எதை வாசித்தாலும் பாதி வாக்கியத்திலேயே மீதியை ஊகித்து அவள் முடித்துவிடுவாள், என் வேகத்துக்குக் காத்திருக்க அவளுக்குப் பொறுமை கிடையாது. இதை ஓரிடத்திலும் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அது அதிகாரி எழுத வேண்டிய பகுதி என்றேன்.

21. மனு எழுதும் வேலை என்னுடையதாக இருந்தது, முடித்துவிட்டேன். இனி வேலை தங்களுடையது. எங்கள் முறைப்படி என் கழுத்திலிருந்த நாடாவை இத்துடன் அனுப்பிவைக்கிறேன். அலுவலகத்தில் கழுத்தில் போட்டுக்கொள்வது சிரமமாக இருக்கலாம். மேசையில் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டாலும் போதும். இந்த மனு வேறொருவர் மேசைக்குப் போனால் நாடாவும் கூடவே போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

22. தங்கள் பதிலைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கத் தேவையில்லை. சின்ன எழுத்திலேயே அனுப்பலாம். வகுப்பு திறந்திருக்கும் என்றால், பதில் வந்து சேர்வதற்குள் சின்ன எழுத்தைக் கற்றுக்கொண்டுவிடுவேன். தொடர்கதையில் அந்தப் பெண்ணும் படியை விட்டு இறங்கியிருப்பாள்.

இங்ஙனம், இனி ரேகை வைக்காத,
மூட்டைத் தாத்தா
(கையெழுத்து)

மற்றும் மூன்று வகுப்புகளின் மாணவர்கள், ஆசிரியர்கள், காவலாளி
(கையெழுத்துகள் பின்பக்கத்தில்)

இடம்: மையத்தின் கூடம், ஜன்னலோர மேசை.
நாள்: தொடங்கியது புதன்கிழமை, முடித்தது அதற்கடுத்த வெள்ளிக்கிழமை.

இணைப்பு: அளவு நாடா – ஒன்று.